பூசாத வீடு

அவலூர்பேட்டையில் வீடுகளுக்குக் கதவெண் உண்டு. ஆயினும் எவரும் எண்ணைச் சொல்லி வழி கேட்பதில்லை. புளியமரத்து வீடு, வாத்தியார் வீடு, மாடி வீடு என்றுதான் ஊர் அறியும். எங்கள் வீட்டுக்குப் 'பூசாத வீடு' என்று பெயர். தபால்காரர் முதல் பால் ஊற்றுபவர் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் சொல்லி வருகின்றனர். சொல்பவர் மனத்தில் இகழ்ச்சி ஏதும் இல்லை, அடையாளம் மட்டுமே. ஆனால் அவ்வீட்டில் வளர்ந்த எங்கள் மூவருக்கும், அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் பிறந்து இதை எழுதுபவருக்கும், அது வெறும் அடையாளமாக ஒலித்ததில்லை.

எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துவதால் இலக்கணம் சொல்லாமல் கட்டுரை நகராது. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். 'பூசாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். பூசிய, பூசுகின்ற, பூசும் என்று உடன்பாட்டில் காலம் காட்டும் சொல், எதிர்மறைக்கு வந்ததும் காலத்தை இழந்துவிடுகிறது. பூசாத வீடு என்றால் இதுவரை பூசாத வீடா, இனி எப்போதும் பூசப்போகாத வீடா? சொல் அதைச் சொல்லாது. பூச முடியவில்லையா, பூச விரும்பவில்லையா என்பதையும் சொல்லாது. இந்தச் சொல்லைப் பற்றி நாங்கள் முதன்முதலாக நின்று யோசித்தது புதுச்சேரியில் ஒரு கட்டடத்தின் முன்னால். அங்கே வருவதற்குமுன் அப்பாவின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா சென்ட்ரிங் தொழிலாளி. கட்டட வேலையில் மேஸ்திரியை ஊர் அறியும், கொத்தனாரை அறியும். சென்ட்ரிங் வேலை செய்பவரைப் பெரும்பாலும் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தளம் போடுவதற்குமுன் சவுக்கு முட்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடித்து, குழைத்த கான்கிரீட் விழுந்து இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் ஒரு தற்காலிகக் கூரையை அவர்கள் செய்கின்றனர். கான்கிரீட்டுக்குச் சொந்த உருவம் கிடையாது. பலகை எப்படியோ அப்படியே அது. பலகைகளுக்கிடையே சந்து இருந்தால் சிமென்ட் பால் ஒழுகிப்போய், அந்த இடத்தில் ஜல்லி மட்டும் தேன்கூடுபோல் நிற்கும். முட்டு ஒரு விரற்கடை இறங்கினால் தளமும் இறங்கும். இவ்வளவு பொறுப்புள்ள வேலை, தளம் இறுகியதும் பிரித்து வண்டியில் ஏற்றப்பட்டுவிடும். பலகையின் ரேகைகள் தளத்தின் அடியில் பதிந்திருக்கும். சில நாட்களில் கொத்தனார் வந்து, பூச்சு பிடிப்பதற்காக அவற்றைக் கொத்திவிட்டு, மேலே பூசிவிடுவார். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை என்று அப்பா பலகை அடித்த வீடுகள் எத்தனையோ. அவற்றுள் எந்த வீட்டிலும் அவர் கைவேலையைக் காண முடியாது, எங்கள் வீட்டைத் தவிர.

1991இல் கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, இரண்டு அறைகளும் ஒரு நடையும் கொண்ட இப்போதைய வீட்டை அப்பா தொடங்கினார். தளம் போட்ட நாளில் சித்தாள்களோடு உறவினரும் வரிசையில் நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றி மேலேற்றியதும், மாலையில் அனைவருக்கும் வாழையிலை போட்டுச் சோறு பரிமாறியதும் நினைவிலிருக்கின்றன. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். முட்டுகளைப் பிரித்தபோது கையிலிருந்த பணம் தீர்ந்திருந்தது. "அடுத்த வருசம் பூசிக்கலாம்" என்றார் அப்பா. அந்த அடுத்த வருடம் அக்காவின் கல்லூரிக்கும், தம்பியின் டிப்ளமோவுக்கும், இடையில் ஒருவர் தமிழ் முதுகலை படிக்கப் பிடித்த அடத்துக்குமாகத் தள்ளித் தள்ளிப் போயிற்று. உள்ளே செங்கல் தெரியும் சுவர், தலைக்கு மேல் பலகை ரேகை தெரியும் தளம். இரவில் பாயில் படுத்து, அந்த ரேகைகளில் ஆறுகளையும் மாடுகளையும் கண்டுபிடிப்பது எங்கள் விளையாட்டு.

விளையாட்டு ஒருநாள் முடிந்தது. 2001இல் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுள் ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீடு இன்னும் முடியலீங்களா?" என்று இயல்பாகக் கேட்டார். வீடு கட்டி அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா தன் நல்ல புடவைகளில் இரண்டைச் செங்கல் தெரியாதபடி சுவரில் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். தளத்துக்குத் திரை போட முடியாதே. அப்பா பதில் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம். அம்மாவைப் பொறுத்தவரை காரணம் அந்தத் தளம்தான்.

அப்பா 2019இல் மறைந்தார். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கிவிட்டுப் போனது. மழை ஓய்ந்த மூன்றாம் நாள் பின்னறைத் தளத்தின் அடியிலிருந்து ஒரு தாம்பாளம் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அம்மா அடுப்படியில் இருந்தார். பெயர்ந்த இடத்தில் துருவேறிய கம்பி தெரிந்தது. புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா, தண்ணீர் வடிந்ததும் அம்மாவைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். வீட்டை என்ன செய்வது என்று பேசுவதற்காக 2025 பொங்கலுக்குப் பிறகு மூவரும் அங்கே கூடினோம். பேச்சு முற்றி, மாலையில் காற்றாட நடந்தபோதுதான் அந்தக் கட்டடத்தின் முன் தம்பி நின்றான். அவன் சென்னையில் சிறு கட்டட ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்பவன். எந்தச் சுவரையும் தொட்டுப் பார்க்காமல் போகமாட்டான். "அக்கா, இங்க பாரு, பலகை தெரியுது. இது பூசல" என்றான்.

அது அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கோண்ட். சாலையிலிருந்து பார்த்தால் நீண்ட சுவரும், அதற்குமேல் தளம் தளமாகக் கிடைமட்டப் பட்டைகளும் மட்டுமே தெரியும். தங்குமிடம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாது. முன் அனுமதி பெற்று மறுமுறை சென்று, சிறிது நேரம் சத்தமின்றிச் சுற்றிப் பார்த்தோம். வடக்கிலும் தெற்கிலும் சன்னல்களே இல்லை. சன்னல் இருக்க வேண்டிய இடம் முழுவதும் அஸ்பெஸ்டாஸ் சிமென்டில் செய்த, கையால் திருப்பித் திறந்து மூடக்கூடிய பட்டைகள். வெயில் நுழையாது, காற்று நுழையும். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்கு நழுவு கதவுகள். மேலே இரட்டைக் கூரை: தட்டையான தளத்தின்மீது வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்றுக்கு வழி. குளிர்சாதனம் என்ற பேச்சே எழாத காலத்தில் புதுச்சேரியின் புழுக்கத்துக்கு விடை தேடியவர்களின் வேலை அது.

இதை வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் வேலைக்காகப் பிராங்க் லாயிட் ரைட்டுடன் ஜப்பானுக்குச் சென்று அங்கேயே தொழில் நடத்தியவர். 1924இல் டோக்கியோவில் தமக்கெனக் கட்டிய வீட்டிலேயே கான்கிரீட்டைப் பூசாமல் விட்டுப் பார்த்திருந்தார். கோல்கோண்டின் கட்டுமானம் 1937இல் தொடங்கியது. ரேமண்ட் அலுவலகத்திலிருந்து வந்த பிரான்டிசேக் சம்மரும், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியரான ஜார்ஜ் நகாஷிமாவும் உடனிருந்து நடத்தினர். ஐதராபாத் திவான் சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து கிடைத்த நன்கொடைதான் முதலீடு. ஆகவேதான் கோல்கொண்டாவின் பெயர் பிரெஞ்சு உச்சரிப்பில் இதற்கு வாய்த்தது. தனி ஒப்பந்தக்காரர் இல்லை. ஆசிரமவாசிகளே கூலியாட்களோடு சேர்ந்து வேலை செய்தனர். அவசரமும் இல்லை, வேலை உலகப் போர்க் காலத்திலும் நீண்டது. இந்தியாவில் இரும்புக் கம்பியிட்டு வார்த்த கான்கிரீட்டால் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் ஒன்றாக இன்று அது எண்ணப்படுகிறது.

இவ்வகைக் கட்டடத்துக்கு உலகம் ஒரு பெயர் வைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது எழுந்துவிட்டது. 1952இல் பிரான்சின் மார்சேய் நகரில் ல கார்பூசியே ஒரு பெரும் குடியிருப்பைக் கட்டி முடித்தார். பலகை ரேகையும் மூட்டுப் பிசிறும் தெரிய விட்ட அதன் கான்கிரீட்டை அவர் 'பெத்தோன் ப்ரூ' என்றார். பூச்சில்லாத பச்சைக் கான்கிரீட் என்பது பொருள். இங்கிலாந்தில் அலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதியர் கையில் இது ஒரு கொள்கையாகியது; 1955இல் ரேனர் பான்ஹம் எழுதிய கட்டுரைக்குப் பின் 'புரூட்டலிசம்' என்ற பெயர் நிலைத்தது. கட்டடம் தன் எலும்பை மறைக்கக் கூடாது, பொருளை அது இருக்கிறபடியே மதிக்க வேண்டும் என்பவை பான்ஹம் குறித்த பண்புகளுள் அடங்கும். முரட்டுத்தனம் என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லோடு பெயர் ஒட்டிக்கொண்டதால், இவை முரட்டுக் கட்டடங்கள் என்ற எண்ணமும் பரவிவிட்டது. கோல்கோண்டைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் புரூட்டலிசக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காவிட்டால் என்ன, மூத்தவர் ஒருவர் வீட்டில் இருப்பது போன்ற உறவு உண்டு.

1950களில் தொடங்கி ல கார்பூசியே சண்டிகரில் எழுப்பிய உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் சட்டப்பேரவையும், ஆண்களும் பெண்களும் தலைச்சுமையாக ஏற்றிய கான்கிரீட்டால் ஆனவை. அவ்வளாகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. தில்லி பிரகதி மைதானத்தில் 1972இல் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் எழுப்பிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' மண்டபத்துக்கு அந்த நல்லூழ் இல்லை. உருக்குச் சட்டங்களால் செய்ய வேண்டிய ஒரு வடிவத்தை, உருக்கு அரிதாக இருந்த நாட்டில், கையால் வார்த்த கான்கிரீட்டால் செய்து காட்டிய மண்டபம் அது. மரபுச் சின்னமாவதற்கு அறுபது வயது ஆகவில்லை என்று சொல்லப்பட்டு 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது.

கட்டடத்தோடு இந்தப் பார்வை நிற்கவில்லை. நாற்காலி, மேசை வரைக்கும் இறங்கியது. நகாஷிமா கோல்கோண்டில் தங்கியவர்களுக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். 1939இல் இங்கிருந்து சென்ற அவர், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களுள் ஒன்றில் குடும்பத்தோடு இருந்தார். அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கற்றார். ரேமண்ட் பொறுப்பேற்று 1943இல் வெளிக்கொணர்ந்த பின், பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு உலகறிந்த தச்சரானார். பலகையின் ஓரத்தைச் சீவிச் சதுரமாக்காமல் மரத்தின் இயல்பான விளிம்பையே விட்டுவிடுவார். பலகையில் வெடிப்பு இருந்தால் அதை மெழுகி மறைக்கமாட்டார். பட்டாம்பூச்சி வடிவில் ஒரு கட்டையைக் குறுக்கே பதித்து, வெடிப்பும் கட்டும் இரண்டும் தெரியும்படி இணைப்பார். 1964இல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து அங்கும் மரச்சாமான்களை வடிவமைத்தார். சண்டிகர் அலுவலகங்களுக்காகப் பியேர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகளின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. பழசாகிவிட்டன என்று குப்பை விலைக்குக் கழித்துக்கட்டப்பட்டவை, பிற்காலத்தில் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின.

இவற்றையெல்லாம் தேடிப் படித்த உற்சாகத்தில் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். பழுதானதைச் சரிசெய்வோம், மற்றதைப் பூசாமலேயே விட்டுவிடுவோம். அப்பா பலகை அடித்த வீடுகளில் அவர் ரேகை எஞ்சியிருப்பது இது ஒன்றுதானே. அக்கா வீட்டுக் கூடத்தில் அம்மாவை உட்காரவைத்து, கோல்கோண்டின் கதையைச் சொல்லி, உலகமே இப்போது பூசாத சுவரை விரும்புகிறது என்று விளக்கினோம். சென்னையில் காபிக் கடைகளில் பணம் செலவழித்துச் சுவரைப் பூசாததுபோல் ஆக்கிக்கொள்கிறார்கள் என்று தம்பியும் சொன்னான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க மூணு பேருக்கும் பூசின ஊடு இருக்குது" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் பேச்சு எழவில்லை. ஸ்மித்சன் தம்பதியர் கிழக்கு லண்டனில் எளிய மக்களுக்காகக் கட்டிய 'ராபின் ஹுட் கார்டன்ஸ்' குடியிருப்பு 1972இல் முடிந்தது. 2017இல் அதை இடிக்கத் தொடங்கியபோது அதன் ஒரு பகுதியை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டு, மறு ஆண்டு வெனிசில் காட்சிக்கும் வைத்தது. சுவரின் துண்டுக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. குடியிருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். படித்தபோது இதை ஒரு செய்தியாக மட்டுமே கடந்திருந்தோம். அம்மாவின் ஒற்றை வாக்கியத்துக்குப் பிறகு, நாங்களும் அந்தக் காட்சிக்கூடத்துப் பார்வையாளர்களைப்போலத்தான் பேசியிருக்கிறோம் என்று பட்டது. பூசாமல் விடலாம் என்று தேர்ந்துகொள்ள முடிந்தவருக்குத்தான் அது அழகு. அம்மா எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளும் அவர் 'அடுத்த வருசம்' வருவதற்காகக் காத்திருந்தார்.

2025 ஜூலையில் அம்மாவைக் காரில் ஊருக்கு அழைத்து வந்தோம். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும், தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இடம்பெற்றதும் செய்தியாகியிருந்த நாட்கள். வழியில் செஞ்சியில் இறங்கலாம் என்றார் அம்மா. ராஜகிரி அடிவாரத்தில் அவர் நேராகச் சென்றது களஞ்சியக் கட்டடத்துக்கு. தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட அதனுள் நின்று, "இங்கதான் உங்கப்பா அண்ணாந்து பாத்துக்கினே நிப்பாரு" என்றார். எங்களுக்கும் நினைவு வந்தது. பள்ளிப் பருவத்தில் நாங்கள் மலையேறத் துடித்தபோது, அப்பா மட்டும் இந்த வளைவின் அடியில் நின்று, 'இதுக்கும் எவனோ ஒருத்தன் முட்டு குடுத்திருக்கான்' என்பார். உண்மைதான். வளைவு தன் எடையைத் தானே தாங்கத் தொடங்கும்வரை, அதன் அடியில் ஒரு சாரம் நின்றாக வேண்டும். கோட்டையை ஆண்டவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. முட்டு கொடுத்தவர் பெயரை எங்கே தேடுவது?

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரு சிறு சுத்தியலால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தான். உறுதியான இடம் கணீரென்றது. உள்ளே பிரிந்த இடம் பொத்தென்றது. முன்னறை முழுவதும் கணீரென்றே ஒலித்தது. பின்னறையில் பாதி போயிருந்தது. கம்பிக்கு அடியில் போதுமான கான்கிரீட் இல்லாததுதான் காரணம். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த வைக்கும் கவர் கட்டைகளுக்குப் பதிலாக, அந்நாளைய வழக்கப்படி ஜல்லித் துண்டுகளை வைத்திருக்கின்றனர், சில நழுவியிருக்கின்றன. ஈரம் மெல்லிய அந்த ஓட்டைக் கடந்து கம்பியைத் தொட்டிருக்கிறது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்தால் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உதைத்துத் தள்ளும். அப்பாவின் பலகை நேராகத்தான் இருந்தது. மேலே விழுந்ததில்தான் குறை. பூசாமல் நிற்கும் கான்கிரீட்டுக்கு அக்கறை குறைவாகப் போதும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். குறையை மூடப் பூச்சு வராது என்பதால், கலவையிலும் கம்பியிலும் பலகையிலும் முதலிலேயே கூடுதல் அக்கறை வேண்டும். கோல்கோண்டைக் கட்டியவர்களுக்குப் பணத்தோடு காலமும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டும் இல்லை.

பின்னறையில் உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூசி, கெட்டுப்போன கம்பிகளுக்குத் துணைக்கம்பி கட்டி, புதுக்கலவை அடைத்துப் பூசினோம். வெளிச்சுவரும் உட்சுவரும் பூசப்பட்டன. வண்ணத்தை அம்மாவே தேர்ந்தார்: ரோஸ். எங்களில் எவருக்கும் அது பிடிக்கவில்லை. எவரும் வாய் திறக்கவில்லை.

முன்னறைத் தளம் மட்டும் எஞ்சியது. கொத்தனார் கொத்துவதற்கு உளியை எடுத்தபோது அம்மா தடுத்தார். வாசலுக்கு நேர் மேலே ஓர் இடத்தைக் கையால் காட்டினார். மற்றப் பலகைகளைவிட அகலமான இரண்டு பலகைகளின் ரேகை. அவற்றின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்குக் கான்கிரீட் புடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் அதன் அடியில் படுத்தும் நாங்கள் அது என்னவென்று கேட்டதில்லை. "நம்ம பழைய கூரை ஊட்டுக் கதவு. பலகை பத்தலன்னு அத்தக் கழட்டி அடிச்சாரு. அது தாழ்ப்பாள் ஓட்டை" என்றார். பலகையில் ஓட்டை இருந்தால் கான்கிரீட் அதில் இறங்கிப் புடைக்கும். ஓட்டையை அடைக்கத் தெரியாதவர் அல்லர் அப்பா. அன்று பலகை போதாத அவசரத்தில் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று அம்மாவைக் கேட்டோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. "இதுக்குப் பூச வேணாம். சுண்ணாம்பு மட்டும் அடிச்சுடுங்க" என்றார்.

அடித்தாயிற்று. வெள்ளையின் அடியில் ரேகைகள் முன்னைவிடத் தெளிவாகவே தெரிகின்றன. புதுச்சேரிக்குச் செல்லும் நண்பர்கள், கடற்கரைக்குப் போகும் வழியில் கோல்கோண்டின் சுவரருகே சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். கட்டட நிபுணர் பெயர்கள் நூல்களில் கிடைக்கும். அச்சுவரில் பலகையின் மூட்டுகள் தெரியும் இடத்தைத் தேடிப் பார்த்தால், அந்தப் பலகையை அடித்தவரின் வேலையும் கண்ணில் படும்.

அவலூர்பேட்டைக்கு வருவதானால் எங்கள் வீட்டுக்கும் வரலாம். ரோஸ் வண்ணம் பூசிய வீடு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'பூசாத வீடு' என்று கேளுங்கள். இன்றும் சரியாக வழி சொல்வார்கள்.